தேங்காய் திருவிய கை

கொள்ளுப்பிட்டியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் ஒன்பது வருடம் தட்டச்சு செய்தேன். வெளிநாட்டு மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் வேலை. முகம் தெரியாத மனிதர்களின் முழங்கால் நோவும் முதுகு நோவும் என் விரல்கள் வழியாகப் போயின.

முதலில் சின்னவிரல் மரத்தது. பிறகு மணிக்கட்டு. ஒரு காலை இடியப்ப உரலைப் பிழிய முடியாமல் குசினியில் நின்று அழுதேன். நரம்பு நெரிபடுகிறது, ஓயாத தட்டச்சுதான் காரணம், வேலையைக் குறைக்க வேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்தார். அந்தத் துண்டை மனேஜரிடம் நீட்டினேன். என் அப்பாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். கொஞ்சம் இரங்குவார் என்று நினைத்திருந்தேன்.

அவர் துண்டை வாசிக்கவேயில்லை.

"நீங்கள் பொம்பிளையள் வீட்டில தேங்காய் திருவுறியள், உடுப்புத் தோய்க்கிறியள். பிறகு கை நோகுதெண்டு என்னட்டை வாறியள்," என்றார். பக்கத்து மேசைகளில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

'வீட்டு வேலையால் வந்த நோவு' என்று என் கோப்பில் எழுதி, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார். வேறு இரண்டு கம்பனிகளில் நேர்முகத்துக்குப் போனேன். இரண்டும் அவரிடம் விசாரித்தன. இரண்டும் என்னை எடுக்கவில்லை.

அவரைப் பொய்யராக்க ஒரு வழிதான் எனக்குத் தெரிந்தது. தேங்காய் திருவுவதை நிறுத்த மாட்டேன். வீட்டிலிருந்தபடி மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பேன். விசைப்பலகையை மட்டும் மாற்றுவேன். கை சுகமானால் குற்றம் எதன் மேல் என்று தெரிந்துவிடும்.

வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரு கைகளையும் வைத்து வரைந்தேன். எந்த விரலும் ஒரே உயரமில்லை. ஆனால் விசைகள் எல்லாம் நேர்வரிசையில் நின்றன. ஒடுங்கிய பலகைக்குள் இரண்டு கையும் நெருங்கும்போது மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்தது. அழிக்கும் விசைக்காகச் சின்னவிரல் நாள் முழுக்க எட்டி எட்டி நீண்டது. பலகையை இரண்டாகப் பிரித்து, தோளகலத்துக்குத் தள்ளி வைத்து, அழிப்பதைப் பெருவிரலிடம் கொடுக்கத் தீர்மானித்தேன்.

கொம்பனித்தெருவில் போன் திருத்தும் கடைக்காரரிடம் போனேன்.

"அக்கா, நல்லா ஈக்கிற கீபோர்ட என்னத்துக்கு ரெண்டா ஆக்குறீங்க?"

"ஒராளுக்கு மறுமொழி சொல்ல வேணும்," என்றேன்.

என் மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்தவர், ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கினார்.

முதலாவது பலகையில் இரு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உள்விளிம்பை அளவுக்கு மீறி உயர்த்திவிட்டேன், முழங்கை நொந்தது. இரண்டாவதில் பெருவிரல் விசைகள் தூரம். ஒவ்வொரு முறையும் பாதிகளைத் தாங்கும் மரச்சட்டத்தை அரத்தால் மறுபடி அராவினேன். கை கெஞ்சும்போது அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வேன். அரம் தானாக ஓடும்.

மூன்றாவது சரிவந்தது. சில மாதங்களில் சின்னவிரலுக்கு உணர்ச்சி திரும்பியது. தினமும் தேங்காய் திருவிக்கொண்டுதான் இருந்தேன்.

பழைய அலுவலகத்துப் பெண்கள் இருவர் வந்து பார்த்து, ஆளுக்கொன்று செய்வித்துக் கொண்டுபோனார்கள். அந்த அலுவலகத்தில் மற்றவர்களுக்கும் கை நோவு இருந்தது. லீவு கூடி வேலை தேங்கியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் காரணம் கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் மனேஜர் மூன்று மாடி ஏறி என் வீட்டுக்கு வந்தார்.

"பிள்ளை, பழசெல்லாம் மனசில வைச்சிருக்கக் கூடாது. எங்களுக்குப் பத்து செய்து தர வேணும்."

"செய்வன் சேர். முதல்ல ஒரு கடிதம் வேணும். என்ர கை உங்கட வேலையாலதான் பழுதானது, கோப்பில எழுதினது பிழையெண்டு."

"ஒஃபிசுக்குப் போய் அனுப்புறன்."

"இஞ்ச. இப்ப. நீங்களே அடியுங்கோ."

கணினியைத் திறந்து, பலகையின் இரு பாதிகளையும் அவர் முன்னால் வைத்தேன். கதிரையை இழுத்து எதிரே இருந்து தேத்தண்ணி குடித்தேன். ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினார். நெற்றி வேர்த்தது. நான்கு வரிக்கு முக்கால் மணித்தியாலம். வாசித்துப் பார்த்தேன்.

"இரண்டு பிழை இருக்கு சேர். திரும்ப அடியுங்கோ."

அடித்தார். அச்செடுத்துக் கொடுத்தேன், கையெழுத்தும் வைத்தார். வாசலில் செருப்பைப் போட்டபடி, "எனக்கும் இப்ப மணிக்கட்டில ஒரு நோவு. எனக்கும் ஒண்டு செய்து தருவியளே?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன்.

கடிதத்தின் பிரதியை, என்னை மறுத்த இரண்டு கம்பனிகளுக்கும் அனுப்பினேன். ஒன்று திரும்பக் கூப்பிட்டது; போகவில்லை. பத்துப் பலகைகளையும் செய்து முடித்தேன். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அலுவலகப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் மேசையில் கையை விரித்து வைப்பார்கள், அளவெடுப்பேன். மனேஜர் இப்போது பேனை பிடிக்கவும் கஷ்டப்படுகிறார் என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

கேட்க நன்றாக இருந்தது.