அண்ணன் கேட்ட கையெழுத்து

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. தங்கை என்ற முறையில் இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும்படி அம்மா சொன்னார். "நல்லதா மட்டும் எழுதுட்டி" என்றும் சொன்னார். அண்ணனைப் பற்றி நல்லதைத்தான் எழுதப்போகிறேன். மற்றவர்களைப் பற்றி அப்படி வாக்குக் கொடுக்கவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்த அண்ணன், அப்பாவின் மத்திய அரசு வேலையால் நாலு வயதில் தில்லிக்கு வந்தார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தோம். பள்ளிக் கிரிக்கெட் அணியில் அவருக்கு இடமில்லை. ஆனால் மைதானத்தின் ஓரத்திலிருந்து அவர் எறிந்த பந்தைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர், ஆள் கிடைக்காமல் திண்டாடிய பேஸ்பால் அணிக்கு அவரை இழுத்துக்கொண்டார். அதில் பந்தெறிபவரைப் பிட்ச்சர் என்பார்கள். குவார்ட்டர்ஸ் சுவரில் கரியால் கட்டம் போட்டு, அதற்குள் நூறு முறை எறிந்துவிட்டுத்தான் அண்ணன் சாப்பிட வருவார். "சுவரு விழுந்துரும்ல!" என்று அம்மா கத்துவார்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் அண்ணனுக்கு அரசு வேலை கிடைக்க வேண்டும் என்பதே அப்பாவின் ஆசை. அதற்கு, தேசியப் போட்டியில் ஆடியதாகப் பேஸ்பால் சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த வாய்ப்பும் வந்தது. புறப்படும் நாளில் செயலாளர் அண்ணனைத் தனியே அழைத்தார். பட்டியலில் அண்ணன் பெயருக்குப் பதில் தன் அக்காள் மகன் பெயர் ஏறிவிட்டதாம். இந்த முறை அவன் பெயரில் ஆடினால் அடுத்த ஆண்டு சரிசெய்துவிடுவாராம். அண்ணன் நம்பினார். இறுதி ஆட்டம் முழுவதும் எறிந்து ஜெயித்துக் கொடுத்தார். சான்றிதழ் அக்காள் மகனுக்குப் போனது, அதைக் காட்டி வேலையும் வாங்கிக்கொண்டான். பந்தைப் பிடிக்கக்கூடத் தெரியாத ஆள் அவன்!

அடுத்த ஆண்டு அண்ணனுக்கு அணியில் இடமே இல்லை. மற்றவர்கள் அடித்துப் பழகுவதற்குப் பந்தெறிய மட்டும் கூப்பிடுவார்கள். மீரட், காஜியாபாத் என்று சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடினார். தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஒரு காகிதம் கேட்டு, செயலாளர் வீட்டுக்கு வருடக்கணக்கில் நடையாய் நடந்தார். "கல் ஆனா, பேட்டா" என்று, நாளை வரச்சொல்லி, வாசலிலேயே அனுப்பிவிடுவார் அந்த மனிதர். வயது வரம்பு தாண்டியது. தோளும் போயிற்று. அப்பா ஓய்வுபெற்று, காலமும் ஆனார். தனியார் பள்ளியில் தற்காலிக விளையாட்டு உதவியாளராகவே அண்ணன் கடைசிவரை இருந்தார். நான் கொதித்தால், "விடுட்டி, பந்து போட்டது நான்தான? அது அவருக்கே தெரியும்லா" என்பார்.

மஞ்சள் காமாலை முற்றி, முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். அவர் விட்டதை நான் விடவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் செயலாளர் பெரிய மாலையோடு வந்தார். ஆண்டு நினைவுக்கு நாங்கள் போடவிருந்த இந்த மலரில் தன் அஞ்சலியும் போட்டோவும் வரவேண்டும் என்று இந்தியில் கேட்டார். "அச்சா அங்கிள், சங்கத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

இரண்டே நாளில் கடிதம் வந்தது. 'அந்தத் தேசிய இறுதி ஆட்டத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை பந்தெறிந்து, என் தலைமையில் கோப்பை வாங்கித் தந்தவர் இவரே. அன்று நானும் மைதானத்தில் இருந்தேன்.' கீழே கையெழுத்து, சங்க முத்திரை. பெருமை அடித்துக்கொள்ளும் அவசரத்தில், செய்த திருட்டையே மறந்துவிட்டார்! அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாவி, இந்தக் கையெழுத்துக்குத்தான எம்புள்ள நடையா நடந்தான்?" என்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடுட்டி, பெரிசாவே போடு" என்றார்.

அண்ணனை ஆஸ்பத்திரியில் மாறிமாறிப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டார்க்கும், தோள் கொடுத்த பேஸ்பால் நண்பர்களுக்கும், ஊரிலிருந்து ரயிலேறி வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. செயலாளருக்கும் நன்றி. அவர் ஆசைப்பட்டபடியே கடிதத்தைப் போட்டோவோடு அடுத்த பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். மலரின் முதல் பிரதி, அவருடைய அக்காள் மகன் வேலை பார்க்கும் அலுவலகத்தின் மேலதிகாரிக்குப் பதிவுத் தபாலில் போகிறது. மூலக் கடிதம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

அண்ணா, கையெழுத்து வாங்கிவிட்டேன்.