பற்றரியில் பிழையில்லை

எங்கள் அப்பா அளவெட்டியில் பிறந்து, கொக்குவிலில் கார் திருத்தி வாழ்ந்து, அங்கேயே கண்மூடினார். ஆண்டு ஒன்று ஆகிவிட்டது. அவர் சாந்தமானவர் என்று இந்த நினைவு மலரில் யாராவது எழுதியிருந்தால் நம்பவேண்டாம். ஸ்பானரை எறிந்த பிறகுதான் வாயைத் திறப்பார். பழைய கார் ஒன்று ஸ்ராட் ஆகாவிட்டால் மட்டும் எங்கிருந்தோ பொறுமை வந்துவிடும். "முதல் கரண்டைப் பார், பிறகு எண்ணெய், பிறகு காத்து. குறுக்காலை பாயாதை" என்பார்.

போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர் அவர். அண்மையில் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் பழைய காரையும் அப்படி மாற்றினார். சிறு போத்தல் பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பிச் சற்று ஓடவிடவேண்டும். மறந்தால், காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கி, ஆறிய எஞ்சின் உசும்பாது.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அச்சுவேலிச் சந்தையிலிருந்து காரைக் கொண்டுவந்து விட்டவள் நான். இரவானதும் வாள்களோடு ஆறு பேர் மதில் பாய்ந்தார்கள். யாரையோ தேடி வீடு மாறி வந்தவர்கள். கண்ணாடிகளை நொறுக்கினார்கள். தடுத்த தம்பியின் வலது மணிக்கட்டு வெட்டுப்பட்டுத் தொங்கியது. அப்பா சில்லுக் கழற்றும் இரும்புக் கம்பியால் ஒருவனின் முழங்காலை உடைத்தார். அவனை இழுத்துக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள்.

சாரத்தைக் கிழித்துக் கையைக் கட்டி, மயங்கிய தம்பியைப் பின் சீற்றில் கிடத்தினோம். அயலில் ஒரு வண்டியிலும் எண்ணெய் இல்லை. எங்கள் எஞ்சின் வலுவாகச் சுழன்றது, ஆனால் பிடிக்கவில்லை. அப்பா இரத்தக் கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி பறந்தது. காபரேற்றர் கிண்ணத்தைத் திறந்து மணந்து பார்த்தார். மண்ணெண்ணெய் நாற்றம்.

"எடி, நிப்பாட்டேக்கை பெற்றோலுக்குத் திருப்பினனியே?"

"இல்லை அப்பா. மறந்துபோனன்."

கையை ஓங்கினார். நான் கண்ணை மூடினேன். அடி விழவில்லை.

"பெற்றோல் போத்தலை எடு, கெதியா!"

கிண்ணத்தைத் துப்புரவாக்கி, பிளக்குகளைத் துடைத்துப் பூட்ட இருபது நிமிடம் போனது. சீற்றிலிருந்து இரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் கையைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் ஆஸ்பத்திரியில் வைத்தியர்.

"பற்றரி இறங்கிப்போச்சு ஐயா. நான்தான் கவனிக்கேல்லை" என்றார் அப்பா. தன் வேலையில் ஒரு பிழையையும் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர்.

தம்பி அதை நம்பினான். "ஊருக்கெல்லாம் கார் திருத்துவார், தன்ரை பற்றரியைப் பார்க்கமாட்டார்" என்று அப்பாவின் கடைசி நாள்வரை குத்திக்காட்டினான். அப்பா ஏச்சை வாங்கிக்கொண்டு வேலையைப் பார்த்தார். நானும் உண்மையை மறைத்தேன். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவர் படுக்கையில் கிடந்தபோது, "அவனிட்டைச் சொல்லப்போறன் அப்பா" என்றேன். "பேசாமல் இரு பிள்ளை. எனக்குப் பிறகு அவனுக்கு நீ ஒருத்திதான்" என்றார்.

அன்று தம்பியைத் தூக்கிவிட்ட அயலவர்களுக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், அப்பாவைச் சுடலைவரை சுமந்த தோள்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

தம்பி, இதையும் நீ வாசிப்பாய். பற்றரியில் பிழையில்லை. காரை மண்ணெண்ணெயில் நிறுத்தியவள் நான். இனி ஏசுவதென்றால் அக்காவை ஏசு.