மல்லாட்டையின் பெயரைக் காத்தவர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். நம் மென்பொருள் குழுவின் கூட்டக் குறிப்பேட்டை இரண்டு வருடமாக எழுதுகிறவள் நான். அதில் ஒரு பொய் இருக்கிறது. திலகவதி அக்காவைப் பற்றி எழுதினால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

செய்தி செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளி விட்டு வந்து பையை இறக்குவதற்குள் அம்மா கைபேசியை நீட்டினார். நம் ஒருங்கிணைப்பாளர் சீனு சார் பேசினார். "தமிழு, நம்ம திலகவதி போயிடுச்சும்மா." "எங்க சார்?" என்று கேட்டுவிட்டேன். டெங்குக் காய்ச்சலென்று மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாள்.

வளவனூர்க்காரரான அக்கா விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தார். ஞாயிறுதோறும் பேருந்து பிடித்துத் நாம் கூடும் திண்டிவனம் நூலக மாடிக்கு வந்துவிடுவார். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் கணக்குப் பழக நாம் உருவாக்கிய மென்பொருளுக்கு 'மல்லாட்டை' என்று பெயர் வைத்தவரும், வேர்க்கடலை ஓட்டுக்குள் இரண்டு பருப்பு தெரியும் அந்தப் படத்தை வரைந்தவரும் அவர்தான். அந்தப் பெயரையும் படத்தையும் வணிகக்குறியாகப் பதிவு செய்ய அலைந்தவரும் அவரே.

புதிதில் அவரிடம் கேட்டேன். "புரோகிராமையே இலவசமா குடுக்குறோம். பேர மட்டும் ஏங்க்கா பூட்டி வைக்கணும்?"

"எங்க கடையில யாரு வேணா ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். எட்மாஸ்டர் கையெழுத்த நீ போட்டுக்க முடியுமாடி?" என்று சிரித்தார். "எடுத்துக்கோ, மாத்து, விக்கக்கூட செய். மாத்திட்டா உன் பேரப் போட்டுக்கோ. தப்பு வந்தா வாத்தியாரு யாருக்குப் போன் போடுவாரு? பேரு அதுக்குத்தான்."

எனக்குப் புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஆசிரியர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதும் வேலையை அக்கா எனக்கும் கொடுத்திருந்தார். விழுப்புரத்தில் ஒரு டியூஷன் நிலையத்தார், மென்பொருளோடு பெயரையும் படத்தையும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார்கள். நம் மென்பொருளை விரும்பிக் கேட்கிறார்களே என்ற மகிழ்ச்சியில் யாரையும் கேட்காமல், "தாராளமாகப் பயன்படுத்துங்கள்" என்று எழுதினேன். கீழே குழுவின் பெயர்தான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, மரக்காணம் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை அழைத்தார். "இன்னாங்க உங்க மல்லாட்டை? அரையும் காலும் சேந்தா ஆறுல ரெண்டுன்னு சொல்லுது! பசங்க பரீட்சையில அப்பிடியே எழுதி வச்சிருக்குதுங்க." டியூஷன் நிலையத்தார் பாடங்களை அவசரமாக மாற்றி, நடுவில் விளம்பரங்களைச் செருகி, நம் பெயரிலேயே ஊரெல்லாம் கொடுத்திருந்தார்கள்.

அக்கா அந்த நிலையத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். உரிமையாளர் என் கடிதத்தை அச்சிட்டு வைத்திருந்தார். "உங்க ஆளுங்களே எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து இன்னாம்மா பேஜாரு? போர்டெல்லாம் அடிச்சாச்சு." அக்கா அதை வாங்கி முழுவதும் படித்து, மடித்துப் பையில் வைத்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதுனது எங்க தப்புதான் சார். புரோகிராம வச்சுக்கோங்க, கணக்கத் திருத்தித் தர்றோம். பேர மட்டும் உட்டுடுங்க. வேற பேரு, வேற படம் நானே போட்டுத் தர்றேன்."

ஒரு வாரத்தில் அவர் பலகையில் கொய்யாப்பழம் வந்துவிட்டது. அதுவும் அக்கா வரைந்ததுதான்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் சீனு சார் கோபமாக இருந்தார். "பேருக்குக் காவலா உன்ன வச்சா, நீயே தூக்கிக் குடுத்துட்டியே திலகவதி!" அக்கா என் பெயரைச் சொல்லவில்லை. வணிகக்குறிப் பதிவுக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். நான் குறிப்பேட்டில், "கவனக்குறைவினால் திலகவதி பொறுப்பிலிருந்து விலகினார்" என்று எழுதினேன். கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. நேற்றும் பார்த்தேன்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் அக்கா அந்தக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார். "ஒரே மெயில்ல நாலு 'மனமார்ந்த நன்றி' போடற ஆளு யாருன்னு எனக்குத் தெரியாதா?" நான் அழுதேன். "அழாத. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருக்கேன். சொன்னதும் இத்தக் கிழிச்சுப் போட்டுடு."

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அடுத்த வாரம் தேர்வு. அதற்கடுத்த வாரம் துணிவில்லை. அக்கா அதன்பிறகும் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிறர் கேட்டால் மட்டும் பேசினார். என்னிடம் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. பிறகு செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

இன்றைய அஞ்சலிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். வராதவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். "அன்னிக்கே சொல்லியிருந்தா, ஃபைல அது கையிலயே திருப்பிக் குடுத்திருப்பனேம்மா" என்றார் சீனு சார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே, "இது பொய். கடிதம் எழுதியவள் தமிழரசி" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கடிதம்தான். அதைக் கிழிக்கச் சொன்னார். அதை மட்டும் நான் கேட்கப் போவதில்லை.

நூலகத்தார் கேட்டுக்கொண்டபடி, நம் குறிப்புகளின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். விழுப்புரம் பேருந்துக்காகக் கடைசிவரை மாடியில் காத்திருப்பவர் என்பதால் அதில் பெரும்பாலும் அக்காவின் பெயரே இருக்கும்.

கூட்டம் ஆறு மணிக்கு முடிந்தது. விளக்குகள் அணைக்கப்பட்டன. அணைத்தவர்: தமிழரசி.