இரண்டு தீர்ப்புகளை அடித்தவர்

புஷ்பவல்லிக்கு அறுபத்திரண்டு வயது. கோயமுத்தூர்க்காரர். இப்போது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்துப் பேர்லேண்டில் மகள் கயல் வீட்டில் இருக்கிறார். அதற்கு முன், கணவர் ஆசிரியர் வேலைக்குப் போன ஓர் ஆப்பிரிக்க நாட்டில், உச்ச நீதிமன்றத்தில் பத்தொன்பது வருஷம் டைப்பிஸ்ட். அந்த நாட்டின் பெயரை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஜனாதிபதி இரண்டு முறைக்குமேல் பதவியில் இருக்கக் கூடாது என்பது அங்கே அரசியல் சாசனம். இருந்தவரோ மூன்றாம் முறையும் நிற்கக் கிளம்பினார். வழக்கு வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர், கூடாது என்றார்கள். அந்தத் தீர்ப்பை அடித்தவர் புஷ்பவல்லி. தலைமை நீதிபதியம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை நீதிமன்ற வாசலில் ராணுவ வண்டி நின்றது. நீதிபதியம்மா வரவில்லை. ஓர் அதிகாரி வந்து நாலு தாள்களை மேஜையில் வைத்து, அடிக்கச் சொன்னார். ஜனாதிபதி நிற்கலாம் என்று தீர்ப்பை மாற்றி எழுதியிருந்தது. பக்கத்து மேஜை குமாஸ்தா ஜோசப், முடியாது என்று எழுந்தார். அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

புஷ்பவல்லி அடித்துக் கொடுத்தார். ஒரு பிழை இல்லை.

மதியம் வேறொரு நீதிபதி அதை வாசித்தார். ஊர் கொதித்துத் தெருவுக்கு வந்தது. ராணுவத்தினர் சுட்டார்கள். நீதிபதியம்மாவை வீட்டுக்காவலில் வைத்தார்கள்; அங்கேயே இறந்துபோனார்.

போன வருஷம் ஒரு வக்கீல் போன் செய்தார். ஜோசப் அங்கிருந்து தப்பி வந்து டெக்சஸில் தடுப்புக்காவலில் இருக்கிறார், அடைக்கலம் கேட்கிறார், நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்.

மருமகன் சபரி பதறினார். "அத்தை, உங்க கிரீன் கார்டே இன்னும் பெண்டிங்ல இருக்குதுங்க. எதுக்குங்க இந்த ரிஸ்க்?"

"அன்னைக்கும் பயந்துதானுங்க மாப்பிள்ளை அதை அடிச்சுக் குடுத்தேன்."

கயல் நிமிர்ந்தாள். "அம்மா, அதை அடிச்சது நீயா?"

புஷ்பவல்லி தலையை ஆட்டினார்.

"அன்னைக்குச் சுட்டதுலதானே என் கிளாஸ்மேட் கிரேஸ் செத்தா?"

இரண்டு நாள் கயல் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே லீவு போட்டு வக்கீலிடம் அழைத்துப்போனாள். வழியெல்லாம் கண் ரோட்டில்தான். புஷ்பவல்லி எல்லாவற்றையும் சொன்னார், தான் அடித்ததையும் சேர்த்து. கையெழுத்துப் போட்டார்.

ஜோசப்புக்கு அடைக்கலம் கிடைத்தது. போனில் அவர் நன்றி சொன்னார். அங்கே அதே ஜனாதிபதிக்கு இப்போது ஐந்தாம் முறை.

கயல் இப்போது பேசுகிறாள். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்கிறாள். கிரேஸ் பெயரை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.