எலிகள் சார்பாக ஒருவர்

எலிக்காக வாதாடும் வேலைக்கு முதல் தகுதி, எலியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது. ஏதாவது ஒரு கமிட்டியில் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் இதை உடனே நம்பிவிடுவார்கள். பல்கலைக்கழகத்தில் எலி, முயல் வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் நெறிமுறைக் கமிட்டியின் அனுமதி வேண்டும். அதில் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து, எதைப் பார்த்தாலும் குறை சொல்லும் பழக்கத்தோடு ரிட்டயராகி, ஸ்ரீரங்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

ஒன்பதாம் பக்கத்து முயல்

முதல் மீட்டிங்கில் ஆராய்ச்சி மாணவி கலைச்செல்வியின் மனு வந்தது. முசிறிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். ஒரு இலைச்சாறு சர்க்கரை நோய்க்குக் கேட்கிறதா என்று அறுபது எலிகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். மனுவைக் கடைசி வரி வரை படித்தது நான் ஒருவன்தான்; மற்றவர்கள் முந்திரி பக்கோடாவில் இருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில், முயலின் காதிலிருந்து ரத்தம் எடுக்கப்படும் என்று இருந்தது.

"எலி ஆராய்ச்சியில முயல் எப்படிம்மா வந்துச்சு?" என்றேன். அவள் தன் கைடைப் பார்த்தாள். கைடு மின்விசிறியைப் பார்த்தார். மனுவைத் திருப்பிவிட்டார்கள். அடுத்த மீட்டிங் மூன்று மாதம் கழித்துத்தான். அவளுடைய ஆராய்ச்சிக் காலத்தில் பாக்கி இருப்பது ஒரே வருடம், பரிசோதனைக்கு மட்டுமே ஆறு மாதம் வேண்டும், அதற்குப் பிறகுதான் எழுதவே முடியும் என்பதெல்லாம் எனக்கு வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. வராந்தாவில் அழாத குறையாகச் சொன்னாள்: "அது எங்க சீனியர் அண்ணனோட முயல் சார். அவரு மனுவைக் காப்பி பண்ணப்ப எடுக்க மறந்துட்டேன்."

வீட்டில் வேறு சட்டம்

ஒரு பெண்ணின் மூன்று மாதத்தைக் கெடுத்துவிட்டோமே என்ற வருத்தத்தோடு வீட்டுக்கு வந்தால், சமையலறையில் எலி. பெருமாளுக்கு என்று எடுத்து வைத்திருந்த வாழைப்பழத்தை அது முதலில் அமுது செய்துவிட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொறியைத் தேடி எடுத்து, மசால்வடைத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டிருந்தேன். என் மனைவி வைதேகி இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அங்க எலிக்குப் பரிஞ்சு பேசிட்டு வந்து இங்க பொறி வெக்கறேளே, இதுக்கு எந்தக் கமிட்டி அனுமதி குடுத்தது?"

குறை கேட்ட படலம்

நடுவில் ஒரு நாள் எலிகள் இருக்கும் அறையை ஆய்வு செய்யப் போனேன். அதைப் பார்த்துக்கொள்பவர் ஆறுமுகம். தீனி, தண்ணீர், கூண்டில் போடும் உமி எல்லாம் அவர் பொறுப்பு. அலமாரியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தேன். தூசு இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சுவரோரம் பத்துக் கூண்டுகள் அடுக்கியிருந்தன. "ஒண்ணுல ஆறு விடலாம் சார், ரொம்ப வருஷமா இதே பத்துதான்" என்றார்.

அறை ஜில்லென்று இருந்தது. வெளியே திருச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. "குறை ஏதாவது இருக்கா?" என்று, எலிகளை மனதில் வைத்துத்தான் கேட்டேன். ஆறுமுகம் தயங்கவே இல்லை. "இதுங்களுக்கு ஏசி இருக்குங்க, நான் உக்கார்ற எடத்துல ஃபேன் கூட ஓடல. அடுத்த மீட்டிங்ல என்னையும் எலி லிஸ்ட்ல சேத்து விட்ருங்க சார்."

ஏன் அறுபது?

இரண்டாவது மீட்டிங். மனுவில் முயல் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு பக்கோடா சாப்பிட்டிருக்கலாம். பழக்கதோஷம், "ஏன் அறுபது?" என்று கேட்டுவிட்டேன். "எங்க லேப்ல எப்பவும் அறுபதுதான்" என்றார் கைடு. பத்துக் கூண்டு, கூண்டுக்கு ஆறு. எனக்குப் புரிந்துவிட்டது. நோய்க்கு எத்தனை எலி வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை, கூண்டுக்குத்தான் போட்டிருந்தார்கள். அப்போது கலைச்செல்வி மெதுவாக எழுந்தாள். காத்திருந்த மூன்று மாதத்தில் புள்ளியியல் பேராசிரியரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டாளாம். முப்பத்தாறு போதுமாம். கைடிடம் சொல்லப் பயந்து பேசாமல் இருந்திருக்கிறாள்.

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எண்ணிக்கை மாறினால் புது மனு, புது மனு என்றால் அடுத்த மீட்டிங் என்றார். இன்னும் மூன்று மாதம் போனால் அவளுக்குப் பரிசோதனைக்கு மட்டும்தான் நேரம் இருக்கும், எழுத இருக்காது. இரண்டு முறையும் என் வாயால் வந்த வினை. சர்வீஸில் ஒரு திருத்தத்தைக் கூடப் புது பேப்பர் இல்லாமல் விடாத நான் எழுந்து நின்று, "கூட்டுனா புது மனு கேளுங்க. குறைக்கறதுக்கு எதுக்குங்க? பேனாவால அடிச்சுத் திருத்திட்டு எல்லாரும் கையெழுத்துப் போடலாம்" என்றேன். தலைவர் யோசித்தார், யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார். கமிட்டியில் அதுவரை வாய் திறக்காத கால்நடை டாக்டர் பேனாவை நீட்டினார். "சீக்கிரம் போடுங்க சார். துவாக்குடியில ஒரு மாடு கன்னு போட முடியாம தவிக்குது, அது அடுத்த மீட்டிங் வரைக்கும் காத்திருக்காது."

நன்றிப் பக்கம்

போன மாதம் கலைச்செல்வி ஆய்வேட்டோடு வீட்டுக்கு வந்தாள். இலைச்சாறு ஓரளவு கேட்கிறதாம். பரிசோதனை முடிந்ததும் எலிகளை வலியில்லாமல் முடித்துவிட வேண்டும் என்பது மனுவிலேயே இருந்ததுதான். அதில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன். அன்றைக்கு அவளும் ஆறுமுகமும் மத்தியானம் சாப்பிடவில்லையாம். நான் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தைப் புரட்டினேன். அப்பா அம்மா, கைடு, ஆறுமுகம், முப்பத்தாறு எலிகள், கடைசி வரியில் என் பெயர். "உன்னை அலைக்கழிச்சவனுக்கு எதுக்கும்மா நன்றி?" என்றேன். "இது நான் சொல்றது இல்ல சார். வராமலே தப்பிச்ச அந்த இருபத்துநாலு எலி சார்பா போட்டிருக்கேன்."

அந்த இருபத்துநான்கில் ஒன்றுதான் எங்கள் சமையலறையில் குடியிருக்கிறதோ என்ற சந்தேகத்தில், பொறியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, பெருமாளுக்கு வாங்கும்போது வாழைப்பழம் ஒன்று கூடுதலாக வாங்கி வருகிறேன்.