மாந்தோப்பில் இரண்டு வேட்டு

காலை 7.10. மாரெட்பள்ளி. எங்கள் அடுக்ககத்தின் வாசலில் தேச்சம்மா அக்கா நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் வங்கி வேலைக்குக் கட்டுகிற சாதாரணச் சேலையில் இருந்தேன். அவரோ கொசுவத்தைப் பின்பக்கம் செருகிய கொடவக் கட்டில், சிவப்புப் பட்டில், அறுபத்தெட்டு வயதிலும் நிமிர்ந்து நின்றார். கையில் ஒரு நீளமான துணிப்பை. அதை மட்டும் என்னைத் தூக்க விடவில்லை.

அக்கா குடகுக்காரர், கொடவர் இனம். கணவர் பெள்ளியப்பா ராணுவத்தில் இருந்தவர். ஊட்டிப் பக்கம் வெலிங்டனில் ஒன்பது வருடம் இருந்ததில் அக்காவுக்குத் தமிழ் வந்துவிட்டது. பத்தொன்பது வருடமாக அவர் எனக்கு எதிர் வீடு. போன ஆண்டு பெள்ளியப்பா இறந்தபின் அவர் வெளியே கிளம்புவதே அபூர்வம். "இன்னிக்குக் கைல்போத். தனியா போக முடியாது, நீ வா ராஜி" என்றார். நானும் மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன். துப்பாக்கி சுடலாம் என்று அவர் சொன்னதும் ஒரு காரணம், பொய் சொல்வானேன்.

கைல்போத் என்பது கொடவர்களின் ஆயுதத் திருநாள். நாற்று நடவு நடக்கும் மாதங்களில் துப்பாக்கியும் கத்தியும் பூஜை அறைக்குள் போய்விடும். நடவு முடிந்ததும் அவற்றை வெளியே எடுத்துப் பொட்டு வைத்துக் கும்பிட்டு, வேட்டைக்குப் புறப்படுவார்கள். சட்டம் வந்து வேட்டை நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. திருநாள் மட்டும் நிற்கவில்லை. விலங்குக்குப் பதில் தேங்காயைச் சுடுகிறார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் சில கொடவக் குடும்பங்கள் செப்டம்பர் முதல் ஞாயிறன்று பட்டான்செருவைத் தாண்டி ஒரு மாந்தோப்பில் கூடுகின்றன. எங்கள் வீட்டிலிருந்து நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.

காலை 7.45. மியாப்பூர் வரை மெட்ரோ, பிறகு ஷேர் ஆட்டோ என்பது என் திட்டம். சிக்கனமான திட்டம்தான். ஆனால் மெட்ரோ நிலையத்தில் பையைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருப்பதை நான் மறந்தேன். அது எதைப் பார்க்கும் என்பதை அக்கா யோசிக்கவே இல்லை. காவலில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். துணிப்பையிலிருந்து வெள்ளிப் பூண் போட்ட ஒரு கத்தி வெளியே வந்தது. கொடவ ஆண்கள் இடுப்பில் செருகும் பீச்சக்கத்தி. பெள்ளியப்பாவின் கல்யாணக் கத்தி.

"யே க்யா ஹை அம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"பூஜாவுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று அக்கா தமிழிலேயே, மிகச் சாதாரணமாகச் சொன்னார். ஆயுத பூஜைக்கு ஆயுதம் இல்லாமல் போவார்களா என்பது அவர் நியாயம். அந்தப் பெண்ணுக்கு அந்த நியாயம் எட்டவில்லை. நல்லவேளை, திட்டாமல் வெளியே அனுப்பினாள்.

காலை 8.15. ஆட்டோ. ஓட்டுநர் யாதகிரி ஆயிரத்து நூறு கேட்டார். நான் "நக்கோ பாய், ரொம்ப ஜாஸ்தி" என்று ஆரம்பித்துத் தொள்ளாயிரத்தில் நின்றேன். பேகம்பேட்டில் பழைய விமான நிலையச் சுவரை ஒட்டிப் போகும்போது அக்கா மடியில் கத்தியை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத விஷயம்.

"எங்க ஊர்ல ஆம்பளைப் புள்ள பொறந்தா ஒரு வேட்டுப் போடுவாங்க. யாராவது போயிட்டா ரெண்டு வேட்டு. அடுத்தடுத்து. அதைக் கேட்டுத்தான் சுத்துப்பட்டு சனம் வரும். இவர் பொறந்தப்போ இவங்க தாத்தா சுட்டாராம். போனப்போ யாரு சுட்டா?"

எனக்குப் பதில் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்த அன்று அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டோம். கீழே நாற்பது பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்தவளே நான்தான்.

"துப்பாக்கி குடகுல அவர் அண்ணன் வீட்ல இருக்கு. இங்க எப்படிச் சுட முடியும்? ஆனா மனசு கேக்கலை ராஜி. சொல்லாம கொள்ளாம போன மாதிரி இருக்கு. இன்னிக்கு அங்க ஏர்கன் இருக்கும். பெரியவர்கிட்ட கேக்கப் போறேன். ரெண்டே ரெண்டு வேட்டு."

குகட்பள்ளி, மியாப்பூர், பட்டான்செரு. ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் ஷேர் ஆட்டோக்களில் தொங்கிக்கொண்டு போனார்கள். மருந்துக் கம்பெனிகளின் நெடி மூக்கில் ஏறியது.

காலை 10.00. தோப்பு. தோப்பு வீட்டின் தென்மேற்கு மூலையில் ஒரு முக்காலி. அதன்மேல் குடும்பங்கள் கொண்டுவந்த நான்கைந்து கத்திகள், நடுவில் ஓர் ஏர்கன். அதன் குழல் வாயில் ஒரு பூவைச் செருகியிருந்தார்கள். பார்த்ததும் திடுக்கிட்டேன்; நம் கார்த்திகைப்பூ! காந்தள். அவர்கள் மொழியில் தோக்குப்பூ, அதாவது துப்பாக்கிப்பூ. அக்கா பெள்ளியப்பாவின் கத்தியை உறையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, சந்தனம் தொட்டு வைத்தார்.

கூட்டத்தில் மூத்தவர் தேவய்யா. எண்பத்து மூன்று வயது, ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பூஜை முடிந்ததும் அக்கா அவரிடம் போய்ப் பேசினார். கொடவ மொழி எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் தேவய்யாவின் தலை இடமும் வலமும் ஆடியது நன்றாகவே புரிந்தது.

"மாட்டேன்னுட்டார்" என்றார் அக்கா, மாமர நிழலுக்கு வந்து. "பண்டிகை அன்னிக்குச் சாவு வேட்டு ஆகாதாம். குண்டுக்கும் கணக்கு உண்டாம். ஆளுக்கு ஒரு குண்டு, தேங்காய்க்கு மட்டும். நியாயம்தானே? நான்தான் கேட்டிருக்கக் கூடாது." நியாயம் என்று சொன்னவரின் முகம் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கிழவர் மேல் கோபம் வந்தது.

காலை 11.15. கோபத்தை அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை. தேவய்யாவே என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார். அவருடைய தாத்தா, பட்டுத் தலைப்பாகையோடு மணமகன் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மூங்கில் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு புலி. புலியைக் கொன்றவனுக்கு ஊரே கூடி அந்தப் புலியோடு கல்யாணம் செய்துவைக்குமாம். வருகிறவர்கள் ஒவ்வொருவராக அட்சதை போட்டு, ஒரு வாய் பால் கொடுத்து வாழ்த்துவார்களாம். "கொன்ற பிறகு அதற்கு மரியாதை செய்யாமல் விடமாட்டார்கள்" என்று இந்தியில் சொன்னார். குடகுக் காட்டில் இன்னும் புலிகள் இருக்கின்றனவே, அதுவே சந்தோஷம் என்றும் சொன்னார். ஆனால் அந்த நாட்களைச் சொல்லும்போது அவர் குரல் ஏங்கியது.

காட்டுப்பன்றி விழுந்தால் பங்கு பிரிப்பதைத்தான் அதிக நேரம் விவரித்தார். சுட்டவனுக்குப் பெரிய பங்கு. ஓடிப்போய் முதலில் தொட்டவனுக்கும் உண்டு. சுடாமல் சும்மா கூட வந்தவனுக்கும் உண்டு. நாய்க்கும் உண்டு. வேட்டைக்கு வந்த எவனும் வெறுங்கையோடு வீடு திரும்பக் கூடாது என்பது சட்டமாம்.

பகல் 12.30. முப்பது அடி தள்ளி, மாங்கிளையில் கயிற்றில் ஒரு தேங்காய். நாங்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர், மூத்தவரிலிருந்து இளையவர் வரை வரிசை. தேவய்யா ஒவ்வொரு குண்டாகத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவருடைய குண்டே குறி தவறியது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். நாலைந்து பேருக்குப் பின் அக்கா. அவரையடுத்து நான். காலையிலிருந்து இதற்குத்தான் காத்திருந்தேன். மகனுக்கு அனுப்ப வீடியோ எடுக்கவும் ஒரு பையனிடம் போனைக் கொடுத்து வைத்திருந்தேன்.

அக்கா ஏர்கனைத் தோளில் உறுதியாகப் பொருத்தினார். ஆனால் குழல் தேங்காயை விட்டு மேலே போய்க்கொண்டே இருந்தது. மாங்கிளையைத் தாண்டி, வெறும் வானத்தில் போய் நின்றது. டப்.

"அய்யோ!" என்று யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். அவர் கண்ணைப் பார்த்தேன். வீடியோவாவது மண்ணாங்கட்டியாவது.

"எனக்குத் தோள் வலி. என் குண்டையும் அக்காவே சுடட்டும்" என்று தேவய்யாவிடம் இந்தியில் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். ஆனால் அவர் அக்காவின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, தானே குழலை மடித்து, குண்டைப் போட்டு, திருப்பிக் கொடுத்தார். அக்கா மறுபடி வானத்தைப் பார்த்துச் சுட்டார். டப்.

சின்னச் சத்தம்தான். நெடுஞ்சாலை லாரிகளின் இரைச்சலில் அடுத்த தோப்புக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் தேவய்யா தொப்பியைக் கழற்றினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பிறகு அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

பிற்பகல் 3.00. தேங்காயை வீழ்த்தியவள் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண். சாப்பாட்டில் கடம்புட்டு என்ற அரிசி உருண்டையும் பன்றிக்கறியும். எனக்காகப் பூசணிக் குழம்பு. சாப்பிட்டதும் தேவய்யா தேங்காயை உடைத்துக் கீற்றுப் போட்டார். ஆளுக்கு ஒன்று, தோப்பு நாய்க்கு ஒன்று. அக்காவின் உள்ளங்கையில் மட்டும் இரண்டு வைத்தார். அக்கா நிமிர்ந்து பார்த்தார். தேவய்யா அதற்குள் அடுத்தவரிடம் போய்விட்டார்.

மாலை 5.20. யாதகிரியின் ஆட்டோவிலேயே திரும்பினோம். எனக்கு என் அப்பா ஞாபகம் வந்தது. நாங்கள் இருந்த லாலாகுடா ரயில்வே காலனியில் யாராவது இறந்தால் வாசலில் சங்கு ஊதுவார்கள். பட்டறைக்குக் கிளம்பியவர்கூட சைக்கிளை நிறுத்திவிட்டு அந்த வீட்டுக்குப் போவார். அப்பா இறந்தபோது நாங்கள் அடுக்ககத்துக்கு வந்துவிட்டிருந்தோம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், சங்கு வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அதை அன்று ஒரு பெரிய விஷயமாக நினைக்கவில்லை. இன்று நினைத்தேன்.

பேகம்பேட் நெரிசலில் அக்கா தேங்காய்க் கீற்றுகளைச் சுற்றிவைத்திருந்த கைக்குட்டையைப் பிரித்தார். ஒரு கீற்றை மென்று தின்றார். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"வீட்டுக்குப் போய் அவர் படத்துக்கிட்ட வைக்கணும். நாளைக்கு நான்தான் தின்னணும்" என்றார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவருக்குத் தேங்காயே பிடிக்காது ராஜி."