எனக்குக் கட்டமில்லாத படம்

கொழும்பிலிருந்து வந்த பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் மூன்று கட்டங்கள் வரைந்தார். ஒன்றில், என்ன வேண்டும் என்று சொல்லும் வாடிக்கையாளர் தரப்பு ஆள். அடுத்ததில் மென்பொருள் எழுதும் குழு. மூன்றாவதில், குழுவின் வேலைக்குத் தடை வராமல் பார்த்துக்கொள்ளும் ஸ்க்ரம் மாஸ்டர். அஜைல் முறை என்றால் இதுதான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுக்க வேண்டும், யார் எதைச் செய்வது என்பதைக் குழுவே முடிவெடுக்கும் என்றார். அந்த நிறுவனத்தில் நான் ஆறு வருடமாக புரொஜெக்ட் மெனேஜர். பலகையை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எனக்குக் கட்டம் இல்லை.

கையைத் தூக்கிக் கேட்டேன். "அப்ப புரொஜெக்ட் மெனேஜர் எங்க வாறாரு?"

"நல்ல கேள்வி" என்று சிரித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டார். சாப்பாடு முடிந்து வந்தவர் அந்தக் கேள்வியின் பக்கமே திரும்பவில்லை. எங்கள் முதலாளி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் போனில் பார்க்க அப்படி என்ன இருந்தது என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எங்கள் அலுவலகம் மாத்தளை நகரில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடையொன்றின் மேல்மாடி. மொத்தம் ஒன்பது பேர். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நாங்கள் ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். லக்கல பக்கத்துக் கிராமங்களுக்கு அவர்களுடைய நடமாடும் கிளினிக் போகும். எந்த நாள், எந்த இடம் என்று ஊர்ச்சனங்களின் போனுக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். பஸ் குறைந்த இடம். காலையில் பாதையில் யானை நின்றால் கிளினிக் நடக்கும் இடமே மாறிவிடும். அதனால்தான் செயலி.

பயிற்சி முடிந்ததும் எங்கள் குழுவிலிருந்த ஒருத்தியை முதலாளி ஸ்க்ரம் மாஸ்டர் ஆக்கினார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கன்னியாஸ்திரீகளிடம் படித்து, கெட்டிக்காரியாக மேலே வந்தவள். முப்பது வயதிருக்கும். அதுவரை என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அடுத்த திங்கட்கிழமை, "மேடம், நாளையிலிருந்து காலையில ஒம்பது மணிக்கு எல்லாரும் நின்னுக்கிட்டே கால் மணித்தியாலம் பேசுவோம்" என்றாள். காலைக் கூட்டத்தைவிட அந்த மேடம்தான் என் காதில் தங்கியது.

கூட்டத்துக்கு நானும் போய் நின்றேன். ஒவ்வொருவராக நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன் என்றார்கள். நான் வழக்கம்போல் கொப்பியைத் திறந்து எழுதினேன். நான் எழுத எழுத அவர்கள் பேச்சு சுருங்கியது. மூன்றாம் நாள் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: "நேத்து செஞ்சதையே இன்னைக்கும் செய்றேன்." நாலாம் நாள் நான் உள்ளே போகும்போது யாரோ சொல்லிக்கொண்டிருந்த பகிடி பாதியில் நின்றது. ஒருத்தருடைய போன் மேசைமேல் கிடந்தது. திரையில் எங்கள் திட்டத்தின் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் நான் இல்லை.

வீட்டில் சொன்னேன். என் கணவருக்கு உக்குவளையில் இரும்புச்சாமான் கடை. யாரையும் எளிதில் நம்பாத மனுசர். "ஒன்னய வெளியாக்கத்தான் இந்த ஏற்பாடு" என்றார். "அவங்க நீட்டுற பேப்பர்ல வாசிக்காம கையெழுத்துப் போட்றாத." அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் நினைத்ததையே சொன்னாரே.

பிறகு நான் உளவு பார்க்கத் தொடங்கினேன். வேறு சொல் போட்டு மறைக்க விரும்பவில்லை. குழு தன் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதி வைக்கும் பக்கம் கணினியில் எல்லாருக்கும் திறந்தே இருந்தது. காலையில் எல்லாருக்கும் முன்பே வந்து அதை வரிவரியாக வாசிப்பேன். என்னைப் பற்றி எங்காவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. இல்லாததும் ஒரு சூழ்ச்சியாகப்பட்டது.

அப்படித் தேடும்போதுதான் அந்த வரியைக் கண்டேன். 'சேமி' என்ற பொத்தானை மாற்றப் போகிறார்கள். அதுவரை அதை அழுத்தினால் கிளினிக் விபரம் செயலிக்குள் மட்டும் பதியும். பிறகு இன்னொரு பொத்தானை அழுத்தினால்தான் ஊருக்குச் செய்தி போகும். இனி ஒரே அழுத்தில் இரண்டும் நடக்கும். யானை வரும் காலத்தில் அவசரத்துக்கு நல்லது. குழு சரியாகத்தான் யோசித்திருந்தது.

ஆனால் லக்கலப் பக்கத்துப் பல்லேகமவில் அந்தச் செயலியைப் பாவிக்கும் தாதியை எனக்குத் தெரியும். ஐம்பதைத் தாண்டிய சிங்களப் பெண். புதிதாக எது வந்தாலும் முதலில் பொய்யான விபரம் போட்டு, சேமித்துப் பார்த்துப் பழகுவார். முன்பெல்லாம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முதல்நாள் நான் அவருக்குப் போன் எடுத்துச் சொல்லுவேன். எவரும் சொல்லி நான் செய்ததல்ல. எந்தப் பட்டியலிலும் இருந்த வேலையுமல்ல. புதிய படத்தின்படி அது வாடிக்கையாளர் தரப்பு ஆளின் பொறுப்பு. அவரோ தொண்டு நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்தில் இருந்தார். பல்லேகமவுக்கு ஒருநாளும் போனதில்லை.

போனைக் கையில் எடுத்தேன். தாதியின் இலக்கம் திரையில் இருந்தது. 'நான்தான் தேவையில்லையே, நடக்கிறதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்' என்று நினைத்து, போனை மேசையில் வைத்தேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

புதிய பதிப்பு செவ்வாய்க்கிழமை போனது. வியாழக்கிழமை காலை தாதி அழைத்தார். சிங்களத்தில், மூச்சு வாங்க, அழுகிற குரலில் பேசினார். முதல்நாள் பின்னேரம் பழகிப் பார்க்க, மறுநாள் திகதியில் ஒரு பொய்க் கிளினிக்கைப் போட்டுச் சேமித்தாராம். இன்று விடிந்ததும் பாடசாலைக்கு முன்னால் சனம். சேனைப் பயிர்வேலையை விட்டு வந்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கி வந்தவர்கள். டாக்டர் இல்லை, வாகனம் இல்லை. எல்லாரும் தன்னை ஏசுகிறார்கள் என்றார். குழுவில் யாருடைய இலக்கமும் அவரிடம் இருக்கவில்லை. என்னுடையதுதான் இருந்தது.

ஸ்க்ரம் மாஸ்டரின் மேசைக்குப் போய் விபரம் சொல்லி, நான் பல்லேகமவுக்குப் போகிறேன் என்றேன். "நானும் வாறேன்" என்று பையை எடுத்தாள். வேன் பிடித்து ரத்தோட்டை தாண்டி மலையேறினோம். வளைவுக்கு வளைவு மேகம் பாதையை மூடியது. மலையின் அந்தப் பக்கம் இறங்கியதும் வெயில். அவள் போனில் எதையோ தட்டிக்கொண்டே வந்தாள். முதலாளிக்கு என்மேல் கோள் எழுதுகிறாள் என்று அப்போதும் நினைத்தேன். பிறகு தெரிந்தது, பழைய இரண்டு பொத்தான்களையும் திரும்பப் போடச் சொல்லிக் குழுவுக்கு எழுதியிருக்கிறாள்.

பாடசாலையில் சனம் பெரும்பாலும் கலைந்துவிட்டது. ஒரு வயதான பெண் மட்டும் மரத்தடி வாங்கில் சாய்ந்திருந்தார். சீனி வியாதிக்காரர். இரத்தம் சோதிப்பார்கள் என்று நம்பி முதல்நாள் இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் நடந்தே வந்திருக்கிறார். தலை சுற்றி விழப்போனவரைத் தாதி பிடித்து, இனிப்புத் தேத்தண்ணி கொடுத்துக் கிடத்தியிருந்தார். நாங்கள் போகும்போது கண் திறந்து பேசினார். கிளினிக்காரர்கள் நாங்கள்தான் என்று நினைத்து, சட்டைக் கையை மேலே சுருட்டி என்னிடம் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரை வேனிலேயே வீட்டில் கொண்டுபோய் விட்டோம். திரும்பும் வழியில், மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே, எனக்கு அடக்க முடியவில்லை.

"அந்தப் பொத்தான மாத்தப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். போன வாரமே பார்த்தேன். நர்ஸ் மிஸ்ஸுக்குச் சொல்லணும்னும் தெரியும். வேணும்னுதான் சொல்லல்ல" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"நான் பாஸுக்கு ஒரு மெயில் எழுதினேன்" என்றாள். "ஒங்களப் பத்தித்தான். நீங்க காலைக் கூட்டத்துக்கு வரக்கூடாதுன்னு எழுதினேன். நீங்க கொப்பியோட நின்னா ஒருத்தரும் உண்மைய பேச மாட்டேங்கிறாங்க. வேல தடங்கினாக்கூட மறைக்கிறாங்க."

"அப்ப நான் நினைச்சது சரிதான்."

"பாதி சரி. ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டச் சொல்லி எழுதல்ல. நீங்க என்ன வேல செய்றீங்கன்னே எனக்கு முழுசாத் தெரியாது, அக்கா. இன்னைக்குத்தான் தெரியுது, அந்த மிஸ்ஸுக்கு ஒங்க நம்பர் மட்டுந்தான் இருந்திச்சின்னு."

"மேடம்னு ஏன் கூப்பிட்ட?"

"அந்தப் பயிற்சிக்காரர்தான் சொன்னாரு, பதவிக்கு மரியாதையாப் பேசிப் பழகணும்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

மறுநாள் இருவரும் முதலாளியிடம் போனோம். நான் செய்ததை நானே சொன்னேன். அவர் பேனை மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார். பிறகு வேலையைப் பிரித்தோம். குழுவுக்குள் யார் எதைச் செய்வது என்பதில் நான் தலையிடக் கூடாது. காலைக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. குழுவுக்கு வெளியே நடப்பதெல்லாம் என்னுடையது. தொண்டு நிறுவனம் முடிவுத் திகதி கேட்டால் பதில் சொல்வது, வாடிக்கையாளர் தரப்புக் கொழும்பு ஆளைப் பல்லேகமவுக்கு இழுத்துக்கொண்டு போவது, தாதிகளுக்குப் பழக்குவது, புதிய பதிப்பு எந்த நாளில் போகலாம், எந்த நாளில் போகக் கூடாது என்று சொல்வது. கடைசி விடயத்தில் என் சொல் இல்லாமல் எதுவும் வெளியே போகாது என்று அவளே எழுதச் சொன்னாள்.

கொழும்புக்காரரை அடுத்த மாதமே லக்கலவுக்குக் கூட்டிப் போனேன். பாதையில் யானை லத்தியைக் கண்டதும் வேன் கண்ணாடியை மூடினார். அதன்பிறகு அவர் கேட்கும் கேள்விகள் மாறின. திகதியைப் பற்றிக் குறைவாகவும் மழையைப் பற்றிக் கூடவும் கேட்டார். அந்த வயதான பெண் கிளினிக் நாளில் வந்திருந்தார். சரியான நாள்தானா என்று தாதியிடம் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வரிசையில் நின்றார். அவர் அப்படிக் கேட்டதில் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

போன வாரம் முதலாளி எனக்குப் புதிய பதவிக் கடிதம் தந்தார். பதவியின் பெயர் மூன்று சொல்லில் நீளமாக இருக்கிறது. அதில் மெனேஜர் என்ற சொல் இல்லை. "சந்தோசமா?" என்று கேட்டார். சந்தோசம் என்றேன். கையெழுத்துப் போடவில்லை. இரண்டாம் பக்கத்தில், 'பதவியும் பொறுப்புகளும் நிறுவனத்தின் தேவைக்கேற்ப மாற்றப்படலாம்' என்று ஒரு வரி இருக்கிறது. எல்லாக் கடிதத்திலும் இருக்கும் வரிதான் என்கிறார்கள். இருக்கலாம். மற்றவர்களுடைய கடிதங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.